நரம்பு சுருட்டல் என்றார்கள், நானும் நம்பினேன்

காலையில் கொலுசு காலில் தாராளமாகச் சுற்றும். ஒரு விரலை உள்ளே விட்டு ஆட்டலாம். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அதே கொலுசு சதைக்குள் புதைந்து கிடக்கும். கழற்றினால் கணுக்காலைச் சுற்றி முத்து முத்தாகத் தடம் விழுந்திருக்கும். என் சின்ன மகள் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கழட்டின பிறகும் அம்மா கால்ல கொலுசு இருக்கு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அது கால் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்கிற 'வெரிகோஸ்' என்ற நோயின் ஆரம்பம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளிக் கொலுசு சின்னதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 2004இல் சேர்ந்தேன். 2020 ஊரடங்கோடு நின்றேன். பதினாறு வருடம். முதலில் காட்டன், அப்புறம் ஃபேன்ஸி, கடைசி எட்டு வருடம் பட்டுச் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதை இல்லையாம். ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் நிற்பதாவது பரவாயில்லை, சேலையை எடுக்கவும் விரிக்கவும் மடிக்கவும் என்று உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். மார்கழி மதியங்கள்தான் கொடுமை. கடையில் ஈ ஆடாது. கவுண்டருக்குப் பின்னால் சிலை மாதிரி நிற்போம்.

எங்களுக்குள் ஒரு தந்திரம் இருந்தது. கீழ்த்தட்டில் சேலை தேடுவது போலக் குந்தி உட்கார்ந்துகொள்வது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கேமராவில் பார்த்தால் வேலை செய்வது போல இருக்கும். "அக்கா, நீங்க தேடுங்க, நான் நிக்கிறேன்" என்று முறை வைத்துக்கொள்வோம். இல்லாத சேலையை அந்தத் தட்டில் எத்தனை வருடம் தேடியிருக்கிறோம்!

இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது, 2012இல், வலது தொடையின் உட்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரை பச்சையாக ஒன்று புடைத்துக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கியது. தோலுக்கடியில் மண்புழு ஓடுவது மாதிரி. பிரசவம் ஆனால் வற்றிவிடும் என்றார்கள். கொஞ்சம் வற்றியதும் உண்மைதான். ஆனால் மறுபடி கடைக்குப் போய் ஆறு மாதத்தில் பழையபடி வந்துவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கி, தன் காலைக் காட்டினாள். "எனக்கும் இருக்கு, எங்க ஆத்தாளுக்கும் இருந்துச்சு. நரம்பு சுருட்டல்த்தா. நம்ம குடும்பத்து நரம்பு அப்படி." திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அம்மா முப்பது வருடம் இட்லிக்கடை வைத்திருந்தாள். அடுப்படியில் நின்றே வாழ்ந்தவள். பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மாவு ஊற்றுவாள். அந்தத் துணி இல்லாவிட்டால் சாயங்காலம் நிற்க முடியாது என்பாள். அதை நான் ஏதோ கிராமத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இந்த 'நரம்பு' என்ற வார்த்தையால்தான் என் மூன்று வருடம் வீணாய்ப்போனது. நாம் பேசும்போது எல்லாமே நரம்புதான். கையில் ஏற்றுகிற ஊசி 'நரம்பு ஊசி'. வயதானவர் கையில் புடைத்துத் தெரிவது 'நரம்பு'. மரத்துப்போனால் அதுவும் 'நரம்புத் தளர்ச்சி'. ரத்தம் ஓடுகிற குழாயையும் உணர்ச்சியைக் கடத்துகிற கம்பியையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். அதனால் நான் மருந்துக்கடையில் போய் "நரம்பு சுருட்டிக்கிட்டு வலிக்குது" என்றதும், கடைக்காரர் நரம்புச் சத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு நிறத்தில் இருக்கும். அவர் மேல் தப்பே இல்லை. நரம்பு என்று நான்தான் சொன்னேன். அந்த மாத்திரையை எத்தனை வருடம் விழுங்கினாலும் குழாய் எப்படிச் சரியாகும்?

அடுத்து எண்ணெய். உருவி விடுகிற ஒருவரிடம் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். அவர் நல்லெண்ணெய் போட்டுத் தொடையிலிருந்து பாதம் நோக்கிக் கீழாக உருவினார். அன்றைக்கு ராத்திரி சுகமாகத்தான் இருந்தது. திசையே தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். தவிர, அந்தப் புடைப்பு சிவந்து, கயிறு மாதிரி கெட்டியாகி, தொட்டால் வலிக்கிறது என்றால் அதற்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த நிலையில் யாரையும் அழுத்தித் தேய்க்க விடக் கூடாது.

மூன்றாவதாக நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். கணுக்காலின் உட்பக்கத்தில், விசிறி விரித்த மாதிரி மெல்லிய ஊதாக் கோடுகள் வந்திருந்தன. சிலந்தி வலை மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் சிலந்தி பெயரை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் அதையாவது போக்கிவிடலாம் என்று ஒரு தோல் அழகு சிகிச்சை மையத்துக்குப் போனேன். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. பார்த்தார்கள், மெல்லிய ஊசியால் மருந்து ஏற்றினார்கள், இரண்டு முறை வரச் சொன்னார்கள், பன்னிரண்டாயிரம் வாங்கினார்கள். கோடுகள் மங்கின. கல்யாணப் போட்டோவில் கால் தெரியவேயில்லை என்பது வேறு விஷயம். நான்கே மாதத்தில் அதே இடத்தில் முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்துவிட்டன, கூடவே காப்பி சிந்தின மாதிரி ஒரு பழுப்புக் கறை.

தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ தனியாக நாலு கோடு இருந்தால் அது பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டும்தான், விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கணுக்காலின் உட்பக்கம் விசிறியாக வருவது வேறு கதை. மேலே எங்கோ பெரிய குழாயில் கோளாறு என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மேலே ஒழுகிக்கொண்டிருக்க, நான் கீழே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரிடம் ஒருவழியாகப் போனது 2022இல். கடை வேலையை விட்டு, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போன பிறகு. என்னைவிட இளையவர். நான் "நரம்பு" என்று தொடங்கியதும் பேச்சை நிறுத்தி, என் கையைத் தொங்கப் போடச் சொன்னார். புறங்கையில் குழாய்கள் புடைத்தன. விரல்கள் பக்கம் ஒரு குழாயின் மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டார். இன்னொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டு நோக்கி அந்தக் குழாயை வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிட்டார். குழாய் தட்டையாகவே கிடந்தது. கை கீழே தொங்குகிறது, மேலே ரத்தம் இருக்கிறது, ஆனாலும் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை. அப்புறம் முதல் விரலை எடுத்தார். சட்டென்று கீழேயிருந்து நிரம்பியது.

"உள்ளே கதவு இருக்கும்மா. மேலே போக மட்டும் திறக்கும். இறங்க விடாது. இதுதான் வால்வு. உங்க கால்ல அந்தக் கதவு கெட்டுப்போச்சு."

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மகள்களுக்கும் இதைச் செய்து காட்டினேன். பெரியவள் இன்றைக்கும் பஸ்ஸில் தன் கையை வைத்து விளையாடுகிறாள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628இல், ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிரூபிக்கக் காட்டிய சோதனைகளில் இதுவும் ஒன்றாம். அவருக்குக் கற்பித்தவர், இத்தாலியில் ஃபாப்ரிசியஸ் என்பவர், இந்தக் கதவுகளை வரைந்து 1603லேயே புத்தகம் போட்டிருந்தார். நானூறு வருடமாக உலகத்துக்குத் தெரிந்தது எனக்கு நாற்பது வயதில் தெரிந்தது.

இதயத்திலிருந்து பாதத்துக்கு ரத்தம் தள்ளப்பட்டு வந்துவிடும். திரும்பப் போவதுதான் பாடு. அதைத் தள்ளுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை சுருங்கிக் குழாயைப் பிழிகிறது, ரத்தம் ஒரு படி ஏறுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. மறுபடி பிழிவு, மறுபடி ஒரு படி. கிணற்றில் இறைக்கிற மாதிரி. அசையாமல் நிற்கிறவரின் கணுக்காலில் அந்தக் குழாய்களின் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் 30க்கும் கீழே இறங்கிவிடும். நாள் முழுக்க நடக்கிற தபால்காரரைவிட, நாள் முழுக்க நிற்கிற எங்களுக்கு ஏன் வீங்கியது என்பது இப்போது புரிகிறது. நிற்பது மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. குடும்பவாகு, பிரசவங்கள், வயது, உடல் எடை எல்லாம் சேர்ந்துதான் கதவை விரிய வைக்கின்றன. என்னிடம் எல்லாமே இருந்தன.

டாப்ளர் ஸ்கேன் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இல்லாமல் யாராவது வைத்தியம் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வயிற்றுக்கு எடுக்கிற அதே வகை ஸ்கேன்தான். ஜெல் தடவி, கருவியை உருட்டுகிறார்கள். ஆனால் படுக்க வைத்து மட்டும் பார்த்தால் போதாது, நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். நின்றால்தான் ஒழுகுவது தெரியும். கெண்டைக்காலை ஒரு பிழி பிழிந்து விடுவார்கள். பிழியும்போது 'ஷ்ஷூ' என்று ஒரு சத்தம், அது ரத்தம் மேலே போவது. விட்டதும் சத்தம் நின்றுவிட வேண்டும். அரை விநாடிக்கு மேல் திரும்பி வரும் சத்தம் கேட்டால் கதவு கெட்டிருக்கிறது என்று கணக்கு. எனக்கு மூன்று விநாடிக்கு மேல் 'ஷ்ஷ்ஷ்ஷ்' என்று இறங்கிக்கொண்டே இருந்தது. என் கால் ஒழுகுகிற சத்தத்தை என் காதாலேயே கேட்டேன்.

கோளாறு இருந்தது நான் தடவித் தடவிப் பார்த்த கெண்டைக்காலில் இல்லை. தொடை இடுக்கில். கணுக்காலின் உட்பக்கம் தொடங்கித் தொடை இடுக்கு வரை ஏறுகிற குழாய்தான் உடம்பிலேயே நீளமான சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். அது ஆழத்தில் உள்ள பெரிய குழாயோடு சேருகிற இடத்தில் இருக்கும் கதவு மூடவில்லை. அதனால் மேலிருந்து கொட்டுகிற பாரம் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு வந்து, கிளைகளைப் புடைக்க வைத்து, கடைசியில் கணுக்காலில் ஊதாக் கோடாக முடிந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? அந்தக் குழாயையே உள்ளே சூடு வைத்து மூடிவிடுவதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தக்குழாயை மூடினால் ரத்தம் எப்படிப் போகும்? பத்தில் ஒன்பது பங்கு ரத்தம் ஆழத்தில் உள்ள குழாய்களில்தான் போகிறது, ஒழுகுகிற இந்தக் குழாய் உதவி செய்யவில்லை, இடைஞ்சல்தான் செய்கிறது என்றார் மருத்துவர். அதனால்தான் ஆழத்துக் குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் முதலில் பார்க்கிறார்கள். வீட்டுக்காரரின் மாமா ஒருவர், "பைபாஸ் பண்ணணும்னா கால்லேர்ந்துதானே குழாய் எடுப்பாங்க, அதை எரிச்சுட்டா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். நன்றாக இருக்கும் குழாயைத்தான் எடுப்பார்கள், இப்படிப் பழுதாகிச் சுருண்டது அதற்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னார். மாமா சமாதானம் ஆகவில்லை.

முன்பெல்லாம் தொடை இடுக்கில் கீறி, குழாயை முடிச்சுப் போட்டு, உருவி எடுத்துவிடுவார்கள். இன்றும் சிலருக்கு அதுதான் சரி. எனக்குச் செய்தது ரேடியோ ஃப்ரீக்வன்சி முறை. லேசரும் இதே போலத்தான், சூடு தருகிற வழி மட்டும் வேறு. பசை வைத்து ஒட்டுகிற முறையும் வந்திருக்கிறது.

மரப்பு ஊசிகளைத் தவிர வேறெதுவும் வலிக்கவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி குத்தி, மெல்லிய வயரை மேலே தொடை வரை ஏற்றினார்கள். அப்புறம் குழாயைச் சுற்றிலும், நீளத்துக்கும், மரப்பு மருந்து கலந்த உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். தொடை குளிர்ந்து, வாழைத்தண்டு மாதிரி கனத்தது. இது வலிக்கு மட்டும் இல்லையாம். சூடு பக்கத்துச் சதையையும் உண்மையான நரம்பையும் சுட்டுவிடாமல் காப்பதற்கும்தானாம். அதன் பிறகு ஏழு சென்டிமீட்டர், ஏழு சென்டிமீட்டராக, ஒவ்வொரு துண்டுக்கும் இருபது விநாடி, 120 டிகிரி சூடு. "டிங்" என்று ஒரு மணி, வயரைக் கொஞ்சம் கீழே இழு, மறுபடி "டிங்". நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏழாவது மணி வரை எண்ணினேன்.

அதே நாளில் கெண்டைக்காலில் மிச்சமிருந்த சுருளுக்கு நுரை ஊசி. இரண்டு சிரிஞ்சை ஒரு சின்னத் திருகுக் குழாயால் இணைத்து, மருந்தையும் காற்றையும் இங்கும் அங்கும் மாற்றி மாற்றித் தள்ளுகிறார்கள். டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரியே. இருபது முறை ஆற்றினால் வெள்ளையாக ஷேவிங் கிரீம் மாதிரி நுரை வருகிறது. அந்த நுரை குழாய்க்குள் போய் ரத்தத்தை விலக்கிவிட்டு உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, அதை ஒட்டிப்போக வைக்கிறது. கணுக்கால் கோடுகளுக்கு மூன்று மாதம் கழித்து, நுரை இல்லாமல் மருந்து மட்டும், மிக மெல்லிய ஊசியால். அழகு மையத்தில் போட்டதும் அநேகமாக இதே வகை மருந்தாகத்தான் இருக்கும். மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, மேலே அடைக்காமல் கீழே போட்டதுதான் கோளாறு. கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்ய மாட்டார்கள்.

முடிந்ததும் எழுந்து நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் ஆழத்துக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம், அதனால் நட, நட என்று விரட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அரைமணி நேரம் நடந்துவிட்டு, ஆட்டோவில் ஆரப்பாளையம் வந்து சேர்ந்தேன். முதல் வாரம் தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். இரண்டாம் வாரம் காலை நீட்டினால் உள்ளே ஒரு கயிறு இழுக்கிற மாதிரி இருந்தது. மூடிய குழாய் சுருங்குகிறது என்றார்கள். மூன்றாம் வாரம் மறந்துவிட்டேன்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம் ஆனது, நகை அடகு வைத்துத்தான் கட்டினேன். கடை வேலையில் இருந்தபோதே போயிருந்தால் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் கேட்டிருக்கலாம் என்று இன்றுவரை மனசு அடித்துக்கொள்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள், அந்த அட்டையை நான் காய்ச்சலுக்குக்கூட எடுத்துக்கொண்டு போனதில்லை. அட்டை இருப்பவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். இல்லாதவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்டாக்கிங்ஸ் புராணம் ஒன்று பாக்கி இருக்கிறது. இறுக்கமான காலுறை. கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் நெய்திருப்பார்கள், ரத்தம் மேலே தள்ளப்படுவதற்காக. அம்மாவின் வேட்டித் துணி செய்தது இதே வேலைதான், அளவு மட்டும் கண்மதிப்பு. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால், வீக்கம் வருவதற்குள் போட வேண்டும். அளவும் காலையில்தான் எடுக்க வேண்டும். நான் சாயங்காலம் அளவெடுத்து வாங்கிய முதல் ஜோடி தொளதொளவென்று போய், இரண்டாயிரம் தண்டம்.

போடுவது ஒரு மல்யுத்தம். முதல் நாள் வேர்த்து விறுவிறுத்து, பாதி ஏற்றிய நிலையில் அழுதே விட்டேன். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நீவினால் ஏறும் என்பது யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். விரல் திறந்த வகை என்றால் பாதத்தில் முதலில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் காலுறையை ஏற்றிவிட்டு, கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம். சேலைக் கடைக் கவர் பிரமாதமாக வழுக்கும்.

பெரிய சண்டை மெட்டியால் வந்தது. மெட்டி நூலில் மாட்டி ஓட்டை போட்டது. கழற்றி வைத்தேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ஒரு சின்ன வெள்ளி வளையம் வாங்கி வந்து, "இது மாட்டாது, உருண்டையா இருக்கு" என்று நீட்டினார். உண்மையிலேயே மாட்டவில்லை. சித்திரை வெயிலில் அந்தக் காலுறையோடு மதுரையில் நடமாடுவது பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய்களான தமனிகள் அடைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலுறை ஆபத்து. சர்க்கரை உள்ளவர்களும் புகை பிடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியில் மாரியஸ் என்று ஒரு தளபதி இருந்தாராம். இரண்டு காலிலும் இதே சுருட்டல். கட்டிப்போடாமலேயே ஒரு காலின் சுருட்டலை அறுத்தெடுக்கக் கொடுத்துவிட்டு முகம் சுளிக்காமல் இருந்தவர், வைத்தியர் அடுத்த காலுக்கு வந்தபோது போதும் என்று சொல்லிவிட்டாராம், இந்த வலிக்கு அந்தக் குணம் ஈடில்லை என்று. நானும் இடது காலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், ஆனால் வலிக்குப் பயந்து இல்லை. அதில் ஒழுகல் லேசாகத்தான் இருக்கிறது. காலுறையும் நடையும் போதும், வருடம் ஒருமுறை ஸ்கேன் பார்ப்போம் என்றார் மருத்துவர். வலது காலில்கூடப் புதிதாக வேறு குழாய் கெட்டுப்போகலாம். ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் முடிந்தது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

எங்கள் கடையில் சட்டைத்துணிப் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். என்னைவிடப் பத்து வருடம் சீனியர். அவருக்கு முதலில் கணுக்கால் உட்பக்கம் கறுத்தது. அப்புறம் அரிப்பு. தோல் பலகை மாதிரி ஆனது. ஒருநாள் மரப்பெட்டி முனை பட்டுச் சின்னக் காயம். அது ஆறவில்லை. புண் பெரிதாகி, இரண்டு வருடம் களிம்பும் கட்டுமாக அலைந்தார். சர்க்கரைப் புண் என்று எல்லோரும் முடிவு கட்டினோம், அவருக்குச் சர்க்கரையே கிடையாது. தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் வந்த புண். ஒருமுறை கவுண்டருக்குப் பின்னால் அவருடைய புடைத்த குழாய் ஒன்று கீறி, தரை முழுக்க ரத்தம். பயந்துபோய் நாங்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு மேல் கயிறு கட்டினோம். இரண்டுமே தப்பு. படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, ரத்தம் வருகிற இடத்தில் துணி வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும், அப்புறம் ஆஸ்பத்திரி. அன்றைக்கு அவர் பிழைத்தது எங்கள் புத்தியால் இல்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அதிலும் மூச்சு வாங்கினால், வெரிகோஸ்தானே என்று வீட்டில் இருக்காமல் உடனே ஓடுங்கள்.

நான் வேலையை விட்ட அடுத்த வருடம், 2021 செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947ஆம் வருடச் சட்டம். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளத்தில் இது 2018லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி, விஜி என்ற தையல்காரப் பெண் வருடக்கணக்கில் போராடியதன் பலன். அவரும் கடைத்தெருவில் வேலை பார்த்தவர்தான். சட்டம் பற்றிய செய்தியை நான் அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். பதினாறு வருடம் கீழ்த்தட்டில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

போன தீபாவளிக்கு மகள்களோடு துணி எடுக்கப் போனேன். நான் வேலை பார்த்த கடை இல்லை, வேறு கடை. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலை அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெண் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு நின்றாள். இருபது வயது இருக்கும். "குதிகாலை ஏத்தி இறக்கு தங்கச்சி, அரைமணிக்கு ஒருதடவை இருபது வாட்டி, நின்ன இடத்துலயே" என்று சொல்லிக்கொடுத்தேன். சரிங்கக்கா என்றாள், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே.

அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகத்தான் இரண்டு வருடம் ஆனது. அறுபத்தெட்டு வயதாகிறது. கணுக்கால் கறுக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சட்டைத்துணி அண்ணன் ஞாபகம். போன மாதம் ஒருவழியாகத் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன். காலில் அந்த வேட்டித் துணி. ஸ்கேன் அறையில் அந்தப் பெண் துணியைப் பதவிசாகச் சுற்றி எடுத்து வைத்துவிட்டு, "எந்திரிச்சு இந்த ஸ்டூல் மேல நில்லுங்க பாட்டி" என்றாள்.

அம்மா ஏறி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, நிக்க வைக்கவா என்னைய இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?"

ஸ்கேன் எடுக்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கெண்டைக்காலைப் பிழிந்துவிட்டாள். 'ஷ்ஷ்ஷ்' என்று கேட்டது. அம்மா, பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள், போய் மூடச் சொல் என்றாள்.